மூச்சில் ஏது மேல் கீழ்?

கல்லூரிப் பிள்ளைகள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறார்கள் என்று ஏளனம் செய்வோர் உண்டு. "நம்மவர் உடல்வாகே அப்படித்தான்" என்று தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பை எழுதியது யார்? தொழிலாளத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இது மாணவனோடு நிற்பதில்லை. தொழிலாளியின் நஷ்டஈட்டிலும் கை வைத்திருக்கிறது.

1846ல் லண்டன் டாக்டர் ஜான் ஹட்சின்சன், மூச்சை அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். நெஞ்சு நிறைய இழுத்த காற்றை முழுவதும் ஊதினால் எவ்வளவு என்று அது காட்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் செய்து அவர் கண்டது இதுதான்: ஆள் உயர்ந்தால் அளவும் உயரும்.

கருவி குற்றமற்றது. அது போய்ச் சேர்ந்த கைகள் அப்படியல்ல. 1851ல் அமெரிக்க டாக்டர் கார்ட்ரைட், கறுப்பரின் நுரையீரல் பிறவியிலேயே குறைபாடுடையது, அடிமை வேலையே அதற்கு மருந்து என்று எழுதினார். சாட்டைக்கு விஞ்ஞானச் சட்டை!

1861 முதல் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் மாணவர்களின் உயரம், எடை, மூச்சளவு எல்லாம் அளக்கப்பட்டன. அங்கே உடற்பயிற்சியும் கட்டாயம். நம் பக்கத்தில் 1932ல் தென்னிந்திய மருத்துவ மாணவர் 103 பேரின் மூச்சளவைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. இந்தியர் அளவு மேல்நாட்டாரைவிடக் குறைவு என்று இத்தகைய கணக்குகள் பல சொல்லின.

குறைவு என்பது கணக்கு. முழுவதும் பிறவிக் குறை என்பது கற்பனை. உடலமைப்புக்கு ஒரு பங்கு உண்டு; நாம் மறுக்கவில்லை. தாய் உண்ட சோறு, குழந்தையில் வந்த நோய், அடுப்புப் புகை, ஆலைத் தூசி — இவற்றுக்குப் பங்கில்லையா?

1999ல் பால்டிமோரில் கல்நார் வழக்கில் சிக்கிய கம்பெனி ஒன்று, கறுப்புத் தொழிலாளி நஷ்டஈடு கேட்க வேண்டுமானால் வெள்ளைத் தொழிலாளியைவிட மோசமான நுரையீரலைக் காட்ட வேண்டும் என்று வாதாடியது. நீதிபதி ஏற்கவில்லை. ஆயினும் இனத்துக்கு இனம் அளவைக் கழிக்கும் வழக்கம் மருத்துவமனைகளில் நீடித்தது. 2023ல்தான் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம், இனம் பாராத அளவையே கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்தது.

தென் கலிபோர்னியாவில் பிள்ளைகளை 10 வயது முதல் 18 வயது வரை அளந்தார்கள். மாசு மிகுந்த ஊர்களில் நுரையீரல் வளர்ச்சி குன்றியதை 2004ல் வெளியிட்டனர். காற்று சுத்தமான பின் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்ததை 2015ல் வெளியிட்டனர். இனம் மாறவில்லை, காற்று மாறியது!

நுரையீரலின் வளர்ச்சி 20 வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளில் நின்றுவிடும். பிறகு இறங்குமுகம்தான். கல்லூரிப் பருவம்தான் கடைசி வாய்ப்பு. வளர்ந்தபின் ஓடுவதால் நுரையீரல் பெரிதாகிவிடாது என்பது மெய். ஆனால் இதயமும் தசையும் வலுப்பெறும். அதே மூச்சில் அதிக தூரம் போகலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் உழைப்போ பயிற்சியோ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மைதானம் வேண்டாமா? புகையில்லாத காற்று வேண்டாமா?

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் சேரும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறோம். இனி மைதானம் எங்கே என்றும் கேட்போம். மைதானத்தில் கட்டடம் எழுந்தால் ஏன் என்று கேட்போம். பீடியும் சிகரெட்டும் பிள்ளை கைக்குப் போகாமல் தடுப்போம். அதற்கு முதலில் நம் கையிலிருப்பதைக் கீழே போடுவோம்.

நெஞ்சளவைப் பிறப்பு மட்டும் எழுதுவதில்லை. சோறும் காற்றும் விளையாட்டும் எழுதுகின்றன. அந்த மூன்றையும் கேட்டு வாங்குவது நம் கடமை!