கண்ணைக் கட்டிக் காரில் விட்டால்...

டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களுக்குத் தெரியும். 'மெஷினைப் பார்க்காதே, பேப்பரைப் பார்' என்பதுதான் இன்ஸ்டிட்யூட்டில் முதல் பாடம். ஏ, எஸ், டி, எஃப் என்று தட்டுத் தடுமாறி ஆரம்பித்த விரல்கள், ஆறு மாதத்தில் தாமாகவே ஓடும். கண் பேப்பரில் இருக்கும். மனசு எதிர் வரிசை மெஷின் பக்கம் போயிருக்கும். விரல் மட்டும் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இன்றைக்கும் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் கீ-போர்டில் எஃப், ஜே இரண்டிலும் சின்னதாக ஒரு மேடு இருக்கிறது. தடவிப் பாருங்கள். விரலுக்குக் கண் வைத்திருக்கிறார்கள்!

காரிலும் இதே சமாச்சாரம்தான். ஏ.ஸி.க்கு ஒரு திருகு, பாட்டுக்கு ஒரு திருகு, வைப்பருக்கு ஒரு குச்சி என்று இருந்தவரை, ஒரு வாரம் ஓட்டினால் கைக்கு எல்லாம் மனப்பாடம். பார்வை ரோட்டை விட்டு நகர வேண்டாம். இப்போது வரும் பல கார்களில் இதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, நடுவில் டி.வி. மாதிரி ஒரு கண்ணாடிப் பலகையை நட்டிருக்கிறார்கள். தொட்டால் வழவழவென்று இருக்கிறது. எது ஏ.ஸி., எது பாட்டு என்று விரலுக்குத் தெரியாது. கண்தான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்கோ அந்த நேரத்தில் வேறு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் புதுக் கார் வாங்கியிருந்தார். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது, "கொஞ்சம் குளிருது சார்" என்றேன்.

"இதோ, ஒரு செகண்ட்" என்று திரையைத் தொட்டார். மேப் பெரிசாயிற்று. மறுபடி தொட்டார். அவருடைய மைத்துனருக்கு போன் போயிற்று.

"இங்கதான் சார் இருந்துச்சு, நேத்துகூடப் பார்த்தேன்" என்று அவர் தேடிக்கொண்டிருக்கையில், முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காக, வழக்கம்போல் நடு ரோட்டில் நின்றது. என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை நான் இரண்டு காலாலும் மிதித்தேன். நல்லவேளை, அவர் பக்கத்தில் இருந்ததை அவரும் மிதித்தார். அரை அடி பாக்கி. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று விசாரித்தார். மைத்துனர் மட்டும் காருக்குள் "ஹலோ... ஹலோ..." என்று கத்திக்கொண்டே இருந்தார்.

சின்னக் கணக்கு ஒன்று. 60 கி.மீ. வேகத்தில் கார் ஒரு செகண்டில் சுமார் 17 மீட்டர் போகிறது. இரண்டு செகண்ட் திரையைப் பார்த்தால் 33 மீட்டர். ஏறக்குறைய மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தின தூரத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் கார் கம்பெனிகளுக்குச் சொன்ன அளவும் இதுதான்: ஒரு பார்வைக்கு 2 செகண்ட், ஒரு வேலைக்கு மொத்தம் 12 செகண்ட், அதற்கு மேல் டிரைவரின் கண்ணை இழுக்காதீர்கள். கட்டாயம் இல்லை, யோசனைதான். கட்டாயமில்லாத சர்க்குலருக்கு என்ன மரியாதை என்பது ஆபீஸ் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2022-ல் ஸ்வீடன் நாட்டுக் கார் பத்திரிகை ஒன்று வேடிக்கையான பரீட்சை வைத்தது. பதினோரு புதுக் கார்கள்; கூடவே 2005-ம் வருஷத்து வால்வோ ஒன்று. விமான தளத்தில் 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே நாலு வேலை செய்ய வேண்டும். சூட்டைக் கூட்டு, ரேடியோ ஸ்டேஷன் பிடி, இந்த மாதிரி. பழகிக்கொள்ள முன்னாலேயே நேரமும் கொடுத்தார்கள். திருகும் சுவிட்சுமாக இருந்த கிழட்டு வால்வோவில் நாலும் 10 செகண்டில் முடிந்தன. கார் கடந்த தூரம் 306 மீட்டர். கடைசியாக வந்த புதுக் காருக்கு 44.9 செகண்ட். 1,372 மீட்டர்! நம்ம ஊரில் அந்த தூரத்துக்குள் இரண்டு சிக்னல், ஒரு ஸ்கூல், நாலு மாடு வந்துவிடும்.

ஜெர்மனியில் ஒருவர் மழையில் வைப்பர் வேகத்தைக் கூட்டுவதற்காகத் திரையைத் தொடப்போய், ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதினார். வழக்கு கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தத் திரையும் செல்போன் மாதிரி ஒரு மின்னணுக் கருவிதான் என்று 2020-ல் தீர்ப்பு. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் கார் ஓட்டத் தடை. சரியான தீர்ப்புதான். ஆனால் மழைக்கு வேண்டிய வைப்பரைக் கொண்டுபோய்த் திரைக்குள் ஒளித்து வைத்தவர் கூண்டில் ஏறவில்லை, கவனித்தீர்களா? நம்ம சட்டத்தையும் பாருங்கள். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 2019 திருத்தப்படி ஆபத்தான டிரைவிங். அதையே நாலு மடங்கு பெரிசாக டாஷ்போர்டில் ஒட்டிக் கொடுத்தால், 'டாப் மாடல்'. லட்ச ரூபாய் கூட!

டச் ஸ்க்ரீன் கப்பலையும் விட்டுவைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி, பத்து மாலுமிகள் இறந்துபோனார்கள். கப்பலைத் திருப்புகிற அதிகாரம் எந்தத் திரையிடம் இருக்கிறது என்பதில் மாலுமிகளுக்குக் குழப்பம் வந்தது விசாரணையில் தெரிந்தது. 2019-ல் கடற்படை, பழையபடி கையால் தள்ளுகிற லீவருக்கே திரும்புவதாக அறிவித்தது.

கார்க்காரர்களுக்கும் இப்போது லேசாக ஞானம் பிறந்திருக்கிறது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கிற 'யூரோ என்கேப்', இண்டிகேட்டர், ஹஸார்டு லைட், ஹாரன், வைப்பர், அவசர உதவி இந்த ஐந்தும் கையில் படுகிற மாதிரி இல்லாவிட்டால் முழு மார்க் கிடையாது என்று 2026-லிருந்து விதி வைத்துவிட்டது. திருகுகள் மெல்லத் திரும்பி வருகின்றன. சும்மா போகவில்லை அவை; ஒவ்வொரு சுவிட்சும் அதன் ஒயரும் காசு. எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் அடைத்தால் கம்பெனிக்கு மிச்சம். நாம்தான் அதை நவீனம் என்று நினைத்துக் கூடுதல் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? மேப், பாட்டு, ஏ.ஸி. எல்லாவற்றையும் சாவி போட்டதும், வண்டி நகர்வதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஸீட்டில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். (மனைவியாக இருந்தால் நீங்கள் சொல்லாமலே மாற்றியிருப்பார்.) தனியாகப் போனால் ஓரமாக நிறுத்துங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? டெஸ்ட் டிரைவ் போகும்போது சேல்ஸ்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏ.ஸி.யை எப்படிக் குறைக்கிறது?"

பதில் சொல்ல அவர் திரையைக் குனிந்து பார்த்தால், அடுத்த ஷோரூமுக்கு நடையைக் கட்டுங்கள்.