மூட்டு ஊசிக்குக் கணக்கு வேண்டாமா?

ஹட் பே துறைமுகத்தில் மூட்டை இறக்கும் தொழிலாளிக்கு முழங்கால்தான் முதல். அது வலி கண்டுவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பலேறி ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) போகவேண்டும். அத்தனை நாள் கூலியும் போகும். ஆகவே ஊருக்கு லீவில் போகும்போது, “மூட்டிலேயே ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர், அடுத்த லீவு வரை தாங்கட்டும்” என்று கேட்டு வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. 1950களிலிருந்தே வழக்கில் உள்ள மருந்து. வீக்கத்தைச் சட்டென்று அடக்கும். ஆனால் எலும்பு முனையில் வழவழப்பாகப் படிந்திருக்கும் குருத்தெலும்பின் சங்கதி வேறு. அதற்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தேயும்போது முறையிடத் தெரியாது. தேய்ந்தபின் பழையபடி வளரவும் வளராது.

அமெரிக்காவில் முழங்கால் தேய்மானமுள்ள 140 பேரில் ஒரு பாதிக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் ஸ்டீராய்டு ஊசியும், மறு பாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவு: ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு சராசரி 0.21 மில்லிமீட்டர் குறைந்தது, உப்புநீர்க்காரர்களுக்கு 0.10தான். வலியிலாவது லாபம் உண்டா என்றால், இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

நோயில்லாத குருத்தெலும்பும் தப்பவில்லை. தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு, மரத்துப்போகும் மருந்தைச் சிறு பம்ப் மூலம் இரண்டு மூன்று நாள் மூட்டுக்குள் விட்டதில், திடகாத்திரமான இளைஞர்களுக்கே குருத்தெலும்பு அழிந்திருக்கிறது. அப்படி 35 கேஸ்கள் வந்தபின் 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது.

இதனால் ஊசியே விஷம் என்று சொல்லிவிட முடியாது. வாதத்தால் வீங்கிய மூட்டுக்கு டாக்டர் பார்த்துப் போடும் ஓர் ஊசி பெரிய உதவி. சர்க்கரை வியாதிக்காரர் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில நாள் சர்க்கரை ஏறும். வம்பு எங்கே என்றால், வலி நின்றதுமே குணமாகிவிட்டது என்று நினைத்து மறுநாளே மூட்டை சுமப்பதிலும், லீவுக்கு லீவு புதிய டாக்டரிடம் போவதிலுமே. போன வருஷம் மதுரையில் போட்ட ஊசி இந்த வருஷத்துச் சென்னை டாக்டருக்கு எப்படித் தெரியும்?

மருந்தின் பெயர், அளவு, எந்த மூட்டு, என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளலாம். தொடைத் தசைக்கு என்ன பயிற்சி என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். அதற்குக் கப்பல் டிக்கெட் வேண்டாம்.