இரண்டும் 1980தான்

"தாத்தா, நீங்கள் பார்த்ததிலேயே மிக இனித்தது எது, கசந்தது எது?" என்று பேரன் கேட்டான். இரண்டும் 1980தான் என்றேன்.

ஏப்ரல் மாதம். மெர்டேக்கா அரங்கில் அப்பாவோடு நின்றிருந்தேன். ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். நம் கோல்காவலர் ஆறுமுகத்தின் நீண்ட கைகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. மாஸ்கோ ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்றுவிட்டோம்! அப்பா அழுததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

ஆனால், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. செய்தி கேட்டதும் அப்பா வானொலியை அணைத்தார். "அடுத்த தடவை போவோம்டா" என்றார்.

1988இல் ஆறுமுகம் சாலை விபத்தில் மறைந்தார். அப்பாவும் போய்விட்டார். அந்த அடுத்த தடவை மட்டும் இன்னும் வரவில்லை.

"வரும் தாத்தா" என்கிறான் பேரன். அப்பாவின் அதே குரல்.