கரியாலூர் பாத நலக் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பழங்குடியினர் நலத் துறைக்கும், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும்.

கல்வராயன் மலையில் கரியாலூரிலும் சுற்றுப்பட்ட சிற்றூர்களிலும் வாழும் நாங்கள், எங்கள் கால்களுக்காக இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

மலையில் கால்தான் பிழைப்பு. கடுக்காய் பொறுக்கவும், மரவள்ளிக்குக் களை வெட்டவும், சாமை அறுக்கவும், மாட்டை ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கவும் கால் வேண்டும். முள் குத்தினால் ஊக்கால் கெல்லி எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். களைக்கொத்து பட்டால் பழந்துணியைக் கிழித்துக் கட்டுகிறோம். ஒரு நாள் கூலியை விட்டுப் போய்ப் பார்க்கும் அளவுக்கு அது பெரிய காயமாக எங்களுக்குத் தோன்றுவதில்லை. உள்ளுக்குள் சீழ் கோத்த பிறகு காச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கிப் போகிறோம். அப்போது பல நேரம், விரலோடு போகுமா முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமா என்பது மட்டுமே பேச்சாக இருக்கிறது. சமவெளியில் ஒற்றைக் காலோடு கடை வைத்தாவது பிழைக்கலாம். இந்தச் சரிவுகளில் காலை இழந்தவரால் ஒரு குடம் தண்ணீர்கூடக் கொண்டுவர முடியாது.

எங்கள் முதல் கோரிக்கை ஆராய்ச்சி. சாலையும் பேருந்தும் கேட்கும் ஊர் ஆராய்ச்சியைக் கேட்பது புதிதாகத் தெரியலாம். பாத நோய் ஆராய்ச்சிக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள தொடர்பு பழையது. வெறுங்காலில் உழைப்பவர்களின் பாதம் வலியில்லாமல் வீங்கி, துளை துளையாகத் திறந்து, குருணை போன்ற துகள்கள் வெளியேறும் ஒரு நோயை 1842-இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அதனால் உலக மருத்துவ நூல்களில் அதற்கு ‘மதுரைப் பாதம்’ என்றே பெயர் நிலைத்தது. 1860-இல் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வாண்டைக் கார்ட்டர், அது பூஞ்சையால் வருவது என்று விளக்கி மைசெட்டோமா என்று பெயரிட்டார். முள்ளோடும் மண்ணோடும் தோலுக்குள் போகும் பூஞ்சையோ பாக்டீரியாவோ அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. எது என்று சோதித்தறியாமல் மருந்து கொடுத்தால் பயனில்லை. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது. உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்க்க 2016 வரை ஆனது. சூடானின் கார்ட்டூமில் 1991-இலேயே இதற்கென ஆராய்ச்சி மையம் எழுந்தது. நோய்க்குப் பெயர் கொடுத்த தமிழ்நாட்டின் மலைக்காட்டில் இது எவ்வளவு இருக்கிறது என்று வீடு வீடாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, இந்த மலையின் பாதங்களைத் தன் ஆராய்ச்சிப் பொருளாக ஏற்க வேண்டும். முள் காயம், வெட்டுக்காயம், பாம்புக்கடி, ஆணிக்கால், பித்தவெடிப்பு, ஆறாப் புண், கால் நீக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். நகரத்து முறைகள் இங்கே பொருந்துமா என்பதும் ஆராய வேண்டியதே. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆயுள் முழுக்க வெறுங்காலில் நடந்து தடித்த தோலில் அந்த இழை சொல்வதை எவ்வளவு நம்பலாம்? இதற்கு விடை காணச் சரியான இடம் இந்த மலைதான்.

ஆய்வுக்கு வருபவர்கள் எங்கள் மொழியில் விளக்கி, ஒப்புதல் பெற்று, முடிவை எங்களிடமே முதலில் சொல்ல வேண்டும். இரத்தமும் படமும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பாத ஆய்வு எங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, செருப்பு. செருப்பில்லாமல் ஏன் நடக்கிறீர்கள் என்று கடிந்துகொள்ளும் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் ஹவாய் செருப்பு ஈரப் பாறையில் வழுக்குகிறது, சேற்றில் வார் பிய்கிறது, நல்ல முள் அதன் அடியைத் துளைத்து ஏறுகிறது. விரல்கள் விரிந்த எங்கள் பாதம் மற்றக் காலணிகளுக்குள் அடங்குவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட், தொழுநோயாளியின் பாதம் அழிவதற்கு உணர்ச்சியற்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமுமே காரணம் என்று காட்டினார். அங்கும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் நடந்த பணியில் மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு உருவானது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே தருகிறார்கள். நோயாளிக்கு உகந்த செருப்பைச் செய்த தமிழ்நாட்டால், மலையில் உழைப்பவருக்கு முள் ஏறாத, வழுக்காத, மலிவான செருப்பையும் செய்ய முடியும். எங்கள் பாதங்களை அளந்து செய்யுங்கள். செய்யும் பட்டறையைக் கரியாலூரிலேயே வையுங்கள்.

பாம்புக்கடி பெரும்பாலும் காலில்தான் விழுகிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது நல்ல செயல். விஷமுறிவு மருந்தும், அதைப் போடத் தெரிந்தவரும், இரவிலும் மலையிலேயே இருக்க வேண்டும். விரியன் விஷத்தால் இரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும் போதும். அந்தக் குழாய் எப்போதும் இருப்பில் இருக்கட்டும்.

அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தை வரவேற்கிறோம். அது சர்க்கரை நோயாளிகளோடு நின்றுவிடாமல், காலில் காயத்தோடு வரும் எல்லோருக்கும் மலையில் விரிய வேண்டும். பாதம் பார்க்க வாரத்தில் ஒரு நாள், சந்தை நாளை ஒட்டி, ஒதுக்குங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, இரண்டாவது மருத்துவர் இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் யார் காலையும் எடுக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், செயற்கைக் காலும் அதில் சரிவு ஏறி இறங்கும் பயிற்சியும் அதே சிகிச்சையில் அடங்க வேண்டும்.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும். அமெரிக்காவில் பாத மருத்துவம் நான்காண்டுப் படிப்பு, அதன்மேல் மூன்றாண்டுப் பயிற்சி. பிரிட்டனில் அது பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டம். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் பாத மருத்துவப் பணியாளரைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. சட்டத்தில் இடம் பெற்ற அந்தத் தொழிலுக்கு அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியிடமும் வேண்டும். அறுவை மருத்துவர்களுக்கும் எலும்பு மருத்துவர்களுக்கும் பாதத்தில் சிறப்புப் பயிற்சி தாருங்கள். அதில் சில மாதங்கள் மலைப்பணியாக இருக்கட்டும். புண்ணைக் கழுவிக் கட்டவும், ஆணியைச் செதுக்கவும், ஆபத்தை அடையாளம் காணவும் எங்கள் மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கு உதவித்தொகையோடு ஓராண்டுச் சான்றிதழ்ப் பயிற்சி தொடங்குங்கள். எந்த ஊருக்கு எந்த ஒற்றையடிப் பாதை, எவர் வீட்டில் எவருக்குப் புண் என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். பயிற்சி முடிந்ததும் அவர்களுக்கு நிரந்தர வேலையும் முழுச் சம்பளமும் வேண்டும். தன்னார்வலர் என்ற பெயரில் சொற்பத் தொகை கொடுப்பதை ஏற்க மாட்டோம்.

இக்கோரிக்கைகளில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, ஏன் இயலாது என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலை அக்டோபர் 2 கிராம சபையில் துறை அலுவலர் ஒருவர் நேரில் வந்து படிக்க வேண்டும். எங்கள் கேள்விகளும் அவர் சொல்லும் விடைகளும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.