பூட்டும் சாவியும் ஒரே இணைப்பில்

சென்ற ஆண்டு எங்கள் நாடகத்தின் முதல் காட்சி முடிந்த இரவு, அதன் முழுப் பதிவையும் மறையாக்கம் செய்யப்பட்ட மேகச் சேமிப்பகம் ஒன்றில் ஏற்றினேன். நடித்தவர்கள் மட்டும் பார்ப்பதற்காக. ஜொகூர் பாருவிலிருக்கும் என் மாமா மகனும் கேட்டான், இணைப்பை அனுப்பினேன். மறுநாள் மாலை, இரண்டாம் காட்சிக்கு முன்பு, நாடகத்தை எழுதிய அக்கா தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். யாரென்றே தெரியாத ஒரு டெலிகிராம் குழுவில் எங்கள் நாடகத்தின் இணைப்பு கிடந்தது.

“பூட்டித்தானே வச்சிருந்தேன், அக்கா.”

“பூட்டினே. சாவியையும் சேர்த்துல்ல அனுப்பியிருக்கே!”

அவர் சொன்னது சரிதான். இத்தகைய சேமிப்பகங்களில் கோப்பு நம் கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே பூட்டப்படுகிறது. நிறுவனத்திடம் இருப்பது புரியாத எழுத்துக் குவியல் மட்டுமே. 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோடை மூடியது. அதை நிறுவிய கிம் டாட்காம், ஓராண்டு கழித்து நியூசிலாந்தில் தொடங்கிய மெகா இந்த முறையில்தான் அமைந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாதவனிடம், அதை ஏன் வைத்திருந்தாய் என்று எப்படிக் கேட்பது? கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கோப்பைப் பகிரும்போது இணைப்பின் வாலிலேயே சாவியும் ஒட்டிக்கொண்டு போகலாம். பிறகு அது யார் கைக்குப் போனாலும் பூட்டு திறந்துவிடும்.

அப்படியானால் யார் பொறுப்பு? சிங்கப்பூரிலேயே ஒரு வழக்கு உண்டு. ரெக்கார்ட்டிவி என்ற சேவை, மீடியாகார்ப்பின் இலவச ஒளிபரப்புகளைப் பயனீட்டாளர் கேட்டபடி பதிவு செய்து இணையம்வழி பார்க்கத் தந்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. நகலெடுத்தவர் பதிவு செய்யச் சொன்ன பயனீட்டாளரே என்று 2010-இல் தீர்ப்பு வந்தது, நிறுவனம் தப்பியது. சட்டம் படிக்கும் நண்பர்கள் இதைத் தொழில்நுட்பத்திற்குக் கிடைத்த வெற்றி என்பார்கள். எனக்கு அதன் மறுபக்கம்தான் உறைத்தது. கருவிக்காரர் கழன்றுகொண்டால், பொறுப்பு பொத்தானை அழுத்திய விரலுக்கு வந்து சேர்கிறது. அந்தப் பயனீட்டாளர்களாவது தாங்கள் பார்க்க உரிமையுள்ள நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். நாம்?

நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பசார் மாலாமில் திருட்டு டிவிடி விற்பார்கள். விற்றவன் திருடன், வாங்கிய நாங்கள் ரசிகர்கள்! இப்போது தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டே புதுப்பட இணைப்பை நண்பனுக்குத் தட்டிவிடுகிறோம். காசு கைமாறுவதில்லை, ஆகவே குற்றமில்லை என்று நினைப்பு. 2005 முதல் சிங்கப்பூர்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தெரிந்தே, கணிசமான அளவில் பதிப்புரிமையை மீறினால், லாபம் பார்க்காவிட்டாலும் அது குற்றமாகலாம்.

இதற்காக மறையாக்கத்தையே தளர்த்த வேண்டும், எல்லாருடைய கோப்புகளையும் நிறுவனங்கள் திறந்து பார்க்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் மருத்துவ அறிக்கையும் அப்பாவின் வீட்டுப் பத்திரமும் அதே சேமிப்பகத்தில்தான் இருக்கின்றன. புகார் வந்த இணைப்பை நிறுவனம் உடனே நீக்கட்டும். சாவியைப் பரப்பியவரை உரிமையாளர் நீதிமன்றத்தின் வழி தேடட்டும். மெதுவான வழிதான், இருந்தாலும் குற்றமற்றவர் வீட்டுக் கதவை அது உடைப்பதில்லை.

கடையில் கிடைக்காத பழைய தமிழ்ப் படைப்புகளை வேறு எப்படிப் பார்ப்பது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத் தொண்டூழியர்கள் தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து, 2015-இல் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்தபோது, எழுத்தாளர்களிடம் ஒப்புதல் கேட்டுத்தான் செய்தார்கள். அத்தனை பேரிடம் அவர்களால் கேட்க முடிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரே ஒரு அக்காவிடம் நான் கேட்கவில்லை.

இணைப்பை அங்கேயே நின்று நீக்கினேன். அதற்குள் யார் யார் இறக்கி வைத்துக்கொண்டார்களோ, தெரியாது. அரங்கத்தின் பின்வரிசைகள் அன்று காலியாக இருந்தன. மழையால் இருக்கலாம். “டிக்கெட் வாங்கி வந்தவங்களுக்காவது ஒழுங்கா நடிச்சுக் காட்டுவோம்” என்று சொல்லிவிட்டு அக்கா திரைக்குப் பின்னால் போய்விட்டார்.