வைனில் என்ன மச்சம்?

வெள்ளவத்தை காலி வீதிச் சாப்பாட்டுக் கடைகளில் இடியப்பத்துக்குச் சம்பல் வாங்குபவர்களில் பலர் கையோடு கேட்பார்கள்: "தம்பி, மாசி போட்டதோ?" மாசிக் கருவாடு தூளாகிக் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கேக் வாங்கினாலும் முட்டை சேர்த்ததா என்ற விசாரணை உண்டு. இதே ஆட்கள் நத்தாருக்கு ஒரு வைன் போத்தல் வாங்கும்போது வாய் திறப்பதில்லை. திராட்சைச் சாறுதானே, அதில் என்ன மச்சம்?

இருக்கிறது.

புது வைன் கலங்கலாக இருக்கும்; சிவப்பு வைனானால் நாக்கை இழுக்கும் துவர்ப்பும் சேரும். அதைத் தெளியவைக்கப் புரதம் சேர்ப்பது பழைய வழக்கம். பிரான்சின் போர்தோ பகுதியில் 225 லீற்றர் பீப்பாய் ஒன்றுக்கு நாலைந்து முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றிக் கலக்கிவிடுவார்கள். துவர்ப்பு அதில் ஒட்டித் திரண்டு அடியில் மண்டியாகப் படியும். சில வாரம் கழித்து மேலே தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். வெள்ளை வைனுக்குப் பாலிலிருந்து எடுக்கும் கேசின் அல்லது மீனின் காற்றுப்பையை உலர்த்திச் செய்யும் ஐசிங்கிளாஸ். விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினும் உண்டு. பால் குடிக்கும் சைவருக்குக் கேசின் பொருட்டல்ல, வீகனுக்கு அதுவும் ஆகாது. மீனும் எலும்பும் இருவருக்குமே ஆகாது.

மண்டியை நீக்கியபின் போத்தலில் எதுவும் மிஞ்சுவதில்லை என்பது தயாரிப்பாளர்களின் வாதம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கொல்லாமை காப்பவர் பார்ப்பது அந்த மீன் செத்ததா என்பதை. மிச்சத்தை அளந்து காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

லேபலைப் படித்தால் தெரியாதா என்றால், அங்கேதான் மீன் நன்றாக ஒளிந்துகொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் முட்டை, பால் மிச்சம் இருந்தால் வைன் லேபலில் சொல்லவேண்டும். அது ஒவ்வாமை உள்ளவர்களுக்காக வந்த விதி. ஐசிங்கிளாஸுக்கு அதில் விலக்கு. 2023 டிசம்பர் 8 முதல் சேர்மானப் பட்டியலும் கட்டாயமானது. தெளியவைக்கும் பொருள்கள் சேர்மானமாகக் கொள்ளப்படாததால் மீன் அதிலும் தப்பிவிட்டது. பிஸ்கட் பைக்கற்றுக்கும் பச்சைக் குறி கேட்கும் இந்தியச் சட்டம், மதுவகைகளுக்கு அந்தக் கட்டாயத்தை வைக்கவில்லை.

கோயிலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத் திருப்பலிக்கும் வைன் வேண்டும். அது திராட்சையிலிருந்து வந்த, கெடாத, இயற்கையான வைனாக இருக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு. எதைக் கொண்டு தெளியவைத்தார்கள் என்ற பேச்சு அதில் இல்லை.

அப்படியானால் வைன் வீகன் ஆகவே முடியாதா? தாராளமாக ஆகலாம். பென்டொனைட் என்ற களிமண், பட்டாணிப் புரதம், உருளைக்கிழங்குப் புரதம் எல்லாம் அதே வேலையைச் செய்கின்றன. பொறுமை உள்ளவர்கள் தானாகத் தெளியவிடுகிறார்கள். 1759இல் தொடங்கிய கின்னஸ் பியர் நிறுவனமே ஐசிங்கிளாஸைக் கைவிடப்போவதாக 2015இல் அறிவித்து, பின்னர் செய்தும் காட்டியது. மரபு என்று சாக்குச் சொல்ல இனி இடமில்லை.

குடிக்கிறவனுக்கு என்ன சைவம் என்று சிலர் மடக்குவார்கள். குடிப்பது சரியா என்பது வேறு வழக்கு. காசு கொடுத்து வாங்குபவருக்கு உள்ளே நடந்ததை அறியும் உரிமை இருக்கிறது. அதே வைன் கேக்கிலும் சோஸிலும் சேர்ந்து, குடிக்காதவர் தட்டுக்கும் வருகிறது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரங்களைத் தடைசெய்திருக்கிறது, நல்ல தடைதான். ஆகவே வாங்குபவரிடம் பேசப் போத்தலின் பின்பக்கமே மிச்சம். எதைக் கொண்டு தெளியவைத்தது என்று இறக்குமதியாளர் அங்கே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி ஒட்டவேண்டும். அதுவரை வீகன் முத்திரை இல்லாத போத்தலை வீகன் விருந்துக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அவர் இறக்குமதியாளரைக் கேட்கட்டும், இறக்குமதியாளர் தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்.