‘மனிதர் தொடாத காடு’: யார் தொடாதது?

போன மாதம் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தான். தென்னாப்பிரிக்கச் சுற்றுலா, பன்னிரண்டு நாள். ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கி, க்ரூகர் தேசியப் பூங்காவில் நான்கு இரவு, காலை மாலை ஜீப் சஃபாரி. பிறகு டிராகன்ஸ்பர்க் மலைகள், வழிகாட்டியோடு நடை, சானி கணவாய் வழியாக ஒருநாள் லெசோதோ. கடைசியில் டர்பனில் விமானம். கீழே அவன் எழுதியிருந்தான்: “அக்கா, பாத்துட்டுச் சொல்லுக்கா. கல்யாண நாளுக்கு அவளக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்.”

எங்கள் குடும்பத்தில் முதல் பாஸ்போர்ட் அவனுடையது. சித்தி இன்றுவரை ரயிலில் மூன்று முறைதான் போயிருக்கிறார். அதனால் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். பிறகு அந்தப் பிடிஎஃப்பைப் படித்தேன். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு வரி: “மனிதர் தொடாத காடு.”

‘தொடாத’ என்ற சொல்லைக் கண்டால் என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை. யார் தொடாதது? யார் தொடக்கூடாது என்று யார் சொன்னது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ‘போகாதே’ என்று சொல்லும் கட்டுரை அல்ல. ஊர் சுற்றுவதும் ஓய்வெடுப்பதும் நமக்கு மறுக்கப்பட்டிருந்த உரிமைகள். 1934இல் நண்பர்களோடு ஊர் பார்க்கப் போன அண்ணல் அம்பேத்கர், தௌலதாபாத் கோட்டையில் குளத்து நீரில் கை கால் கழுவியதற்காக வசைபாடப்பட்டார். அந்த வரலாற்றிலிருந்து வருபவர்கள் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் ஆப்பிரிக்கா போய் யானை பார்த்தால், அதற்காக ஒரு நொடிகூடக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. என் கேள்வி வேறு. எந்த நிலத்தில் நின்று அந்த யானையைப் பார்க்கிறோம்?

க்ரூகர் பூங்கா கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். இதன் தொடக்கம் 1898இல் அறிவிக்கப்பட்ட சாபி வேட்டை விலங்குக் காப்பகம். 1902இல் அதன் முதல் காப்பாளராக வந்தவர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன். அங்கே வாழ்ந்த மக்களை வெளியேற்றுவதுதான் அவர் தொடக்கத்திலேயே செய்த வேலைகளில் ஒன்று. சோங்கா மொழி பேசும் மக்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ஸ்குகுசா. ‘துடைத்தெடுப்பவன்’ என்றும், ‘எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டுபவன்’ என்றும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இன்று பூங்காவின் தலைமை முகாமுக்குப் பெயர் ஸ்குகுசா. சுற்றுலாப் பயணிகள் அந்தப் பெயர்ப் பலகையின் முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். தங்களைத் துடைத்தெடுத்தவனுக்கு மக்கள் வைத்த பெயர் அது என்று எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது?

1926இல் இது தேசியப் பூங்கா ஆனது. தேசத்துக்கே சொந்தம் என்று அர்த்தம். ஆனால் அந்தத் தேசத்தில் கறுப்பர்களுக்கு இடமில்லை. வெள்ளையர்கள் வசதியான முகாம்களில் தங்கினார்கள். கறுப்பினப் பயணிகளுக்குப் பல பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தது பலுலே என்ற சிறிய முகாம். பூங்காவின் சாலைகளைப் போட்டதும் முகாம்களில் சமைத்ததும் துணி துவைத்ததும் கறுப்பர்களின் கைகள்தான். வேலைக்கு உள்ளே, விருந்துக்கு வெளியே. இந்த ஏற்பாடு நமக்குப் புதியதல்ல.

‘மனிதர் தொடாத காடு’ என்பது உண்மைதானா? பூங்காவின் வடமுனையில் துலமேலா என்ற குன்று இருக்கிறது. அதன்மேல் கல்லால் சுவர் எழுப்பிய ஒரு நகரம் இருந்தது. பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்த இடம் அது. அகழாய்வில் தங்க மணிகளும் கடல்வழி வணிகத்தில் வந்த கண்ணாடி மணிகளும் கிடைத்தன. பலபோர்வா நுழைவாயிலுக்கு அருகே மசோரினி என்ற இடத்தில் இரும்பு உருக்கி விற்ற மக்களின் ஊரை மீட்டெடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பாறை ஓவியங்கள் இருக்கும் இடங்களே நூற்றுக்கு மேல். அப்படியானால் அது தொடாத காடு அல்ல, தொட்டு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்திய காடு. விளம்பரத்தில் இருக்கும் வெறுமை இயற்கை தந்ததல்ல. சட்டம் போட்டு உண்டாக்கியது.

அந்தச் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1913ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் நிலச் சட்டம், நாட்டின் பெரும்பான்மை மக்களான கறுப்பர்களுக்கு ஏறத்தாழ 7 சதவீத நிலத்தை மட்டும் ஒதுக்கியது. 1936இல் அது 13 சதவீதம் வரை போகலாம் என்றார்கள். அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்க முடியாது. நிறவெறி ஆட்சி 1994இல் முடிந்தது, நிலக்கணக்கு முடியவில்லை. 2017ஆம் ஆண்டு தேதியிட்ட அரசின் நிலத் தணிக்கை, தனிநபர்கள் பெயரில் இருக்கும் வேளாண் நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையர்களிடம் இருப்பதாகச் சொன்னது. மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இனி மகுலெகெ மக்களின் கதை. லுவுவு ஆறும் லிம்போபோ ஆறும் சேரும் பஃபூரி பகுதியில் வாழ்ந்தவர்கள் இவர்கள். 1969இல் சுமார் 3,000 பேரை அரசு அங்கிருந்து பெயர்த்தெடுத்தது. தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டோம் என்பது அம்மக்களின் நினைவு. ஏறத்தாழ 24,000 ஹெக்டேர் நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. மக்கள் தெற்கே வெகுதூரம் தள்ளி, பூங்கா வேலிக்கு வெளியே குடியேற்றப்பட்டார்கள்.

லாரியில் ஏற்றி முப்பது கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடப்பட்ட நகரத்துக் குடும்பங்களோடு வேலை செய்பவள் நான். புது வீட்டின் அளவைப் பற்றி முதலில் யாரும் கேட்பதில்லை. வேலைக்கு எந்த பஸ், பிள்ளைக்கு எந்தப் பள்ளி, செத்தால் எங்கே புதைப்பது என்றுதான் கேட்கிறார்கள். மகுலெகெ மக்கள் விட்டுவந்ததில் முன்னோர்களின் கல்லறைகளும் இருந்தன.

ஆனால் அவர்கள் கதை அத்தோடு முடியவில்லை. 1994இல் வந்த நிலவுரிமை மீட்புச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைத்தார்கள். 1998இல் நிலம் அவர்கள் பெயருக்குத் திரும்பியது. அடுத்து அவர்கள் எடுத்த முடிவுதான் முக்கியம். காட்டை அழித்து ஊர் கட்டவில்லை. நிலம் எங்களுடையது, அது காடாகவே இருக்கட்டும், நிர்வாகத்தில் எங்களுக்கு இடம் வேண்டும், சுற்றுலாவில் வரும் வருமானம் எங்களுக்கு வர வேண்டும் என்றார்கள். இன்று அங்கே இருக்கும் விடுதிகள் அந்தச் சமூகத்தோடு ஒப்பந்தம் போட்டு இயங்குகின்றன. ‘மக்களை விட்டால் விலங்கு மிஞ்சாது’ என்று எல்லா நாட்டு வனத்துறைகளும் சொல்லும் வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு வேலி இருக்கிறது. மீட்புச் சட்டம் 1913 ஜூன் 19க்குப் பிறகு பறிக்கப்பட்ட நிலத்துக்குத்தான் பொருந்தும். அப்படியென்றால் 1902இலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் ஸ்குகுசா துடைத்தெடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கோரிக்கை வைக்கவே முடியாது. சீக்கிரமாகப் பறிகொடுத்தவனுக்கு உரிமை கிடையாது, தாமதமாகப் பறிகொடுத்தவனுக்கு உண்டு. மகுலெகெக்குப் பிறகு பூங்காவின் மற்ற பகுதிகளைக் கேட்டவர்கள் விஷயத்தில், நிலத்துக்குப் பதில் பணம் என்ற நிலைக்கே அரசு போனது. அநீதி எந்தத் தேதியில் தொடங்கியது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, நீதியின் அளவும் அவரிடம்தான் இருக்கிறது.

இந்தத் தேதிக்கு முன்னால் முழுதாகத் தோற்றுப்போனவர்கள் சான் மக்கள். டிராகன்ஸ்பர்க் மலைகளுக்கு ஜூலு மொழியில் உகஹ்லம்பா என்று பெயர். ஈட்டிகளால் ஆன அரண் என்று பொருள். அதன் குகைகளில் சான் மக்கள் வரைந்த ஓவியங்கள் சுமார் 35,000 உருவங்கள். ஈலண்ட் மான்கள், நடனமாடும் மனிதர்கள், பாதி மானாகவும் பாதி மனிதராகவும் இருப்பவர்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இம்மலைகளை உலகப் பாரம்பரியக் களமாக்கியது. வரைந்தவர்களை 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் வேட்டையாடினார்கள். தப்பியவர்கள் அக்கம்பக்கத்து ஜூலு, சோத்தோ குடும்பங்களில் கலந்து, தங்கள் வேரை வெளியே சொல்லாமல் பல தலைமுறை வாழ்ந்தார்கள். அண்மைக் காலத்தில்தான் சிலர் ‘நாங்கள் சான்’ என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். வாடகை வீடு தேடும்போது ஊர்ப் பெயரை விழுங்கிப் பேசிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் சான் மக்களுக்கு நடந்தது இன்னும் அண்மையது. மத்திய கலஹாரி காப்பகம் 1961இல் உருவானபோது, அங்கே வாழும் சான் மக்களின் வாழ்வைக் காப்பதும் அதன் நோக்கமாக இருந்தது. 1997இலும் 2002இலும் அரசு அவர்களை வெளியேற்றியது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் வழக்கை வென்றார்கள். திரும்பிப் போனவர்களுக்குப் பழைய ஆழ்துளைக் கிணற்றைப் பயன்படுத்த அரசு அனுமதி தரவில்லை. அதே காலத்தில் அதே காப்பகத்துக்குள் சுற்றுலா விடுதி ஒன்று நீச்சல் குளத்தோடு திறக்கப்பட்டது. குடிநீருக்காக மறுபடி வழக்கு. 2011 ஜனவரியில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்ணீர் அவர்கள் உரிமை என்று தீர்ப்பளித்தது. பயணி குளிப்பதற்குத் தண்ணீர், அந்த மண்ணில் பிறந்தவன் குடிப்பதற்கு வழக்கு. மகாடு குளம் நினைவுக்கு வராமல் இதை எப்படிப் படிப்பது?

“சுற்றுலாவால்தானே அங்கே வேலை கிடைக்கிறது?” என்று கேட்பார்கள். உண்மைதான். வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டிய நாட்டில் ஒரு சஃபாரி விடுதியின் சம்பளம் ஒரு பெரிய குடும்பத்துக்கே சோறு. புறக்கணிப்பு என்று நாம் கிளம்பினால் முதலில் பட்டினி கிடப்பது படுக்கை விரிக்கும் பெண். ஆனால் அந்த வேலையின் அடுக்கையும் பாருங்கள். க்ரூகரை ஒட்டிய தனியார் காப்பகங்களின் திறந்த ஜீப்பில், முன்பக்கம் பானட்டை ஒட்டி ஒரு சிறு இருக்கை இருக்கும். அதில் உட்காருபவர் டிராக்கர், தடம் பார்ப்பவர். சிங்கம் இந்த வழியாக எப்போது போனது என்று மண்ணைப் பார்த்துச் சொல்வது அவர். ஜீப்புக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருப்பதும் அவர்தான். பெரும்பாலும் அவர் வேலிக்கு அப்பால் இருக்கும் ஊரைச் சேர்ந்த கறுப்பர். இதே அறிவு அவர் தாத்தாவிடம் இருந்தபோது அதற்குப் பெயர் திருட்டு வேட்டை. பேரனிடம் இருக்கும்போது அதற்குப் பெயர் விருந்தினர் சேவை. அறிவு ஒன்றுதான். நிலம் யார் கையில் என்பதுதான் மாறியிருக்கிறது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? டிராகன்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரும். 1893இல் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிலையம். இந்தியக் குழுக்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. அதற்கு முன்பே, 1860இல், மதராஸிலிருந்து முதல் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்களில் தமிழர் பலர், ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஏராளம். 2001இல் அதே டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு உலக மாநாடு நடந்தது. சாதியும் பிறப்பால் வரும் பாகுபாடுதான் என்று சொல்ல நம் தலித் தோழர்கள் கடல் தாண்டிப் போனார்கள். அது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று இந்திய அரசு நின்றது. இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் வரவில்லை. உலகம் நம் வலியைக் கேட்க வேண்டும் என்று போய் நின்ற ஊர் அது. இன்னொருவர் வலியைக் கேட்காமல் அந்த ஊர் வழியாக நாமே கடந்து போகலாமா?

தம்பிக்கு நான் எழுதியது இவ்வளவுதான். போ. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேள். நாங்கள் தங்கும் விடுதியின் நிலம் யாருடையது, முன்பு யாருடையதாக இருந்தது? நாங்கள் தரும் பணத்தில் வேலிக்கு வெளியே இருக்கும் ஊருக்கு ஒப்பந்தப்படி ஏதாவது போகிறதா? மலையிலும் காட்டிலும் எங்களை அழைத்துப் போகும் வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, வழிகாட்டிக்கும் டிராக்கருக்கும் சம்பளம் இருக்கிறதா அல்லது டிப்ஸை நம்பித்தானா?

அவன் அப்படியே மின்னஞ்சலில் கேட்டிருக்கிறான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்ததாம். சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம் எங்கே எப்போது தென்படும் என்று இரண்டு பக்கம். மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே வரி: “விசாரித்துச் சொல்கிறோம்.”

தம்பி இப்போது வேறு ஏற்பாடு தேடிக்கொண்டிருக்கிறான். மகுலெகெ மக்களின் நிலத்தில் இருக்கும் விடுதிகளில் இடம் கிடைக்குமா என்று பார்க்கிறான். செலவு கூடும்போலிருக்கிறது, அதனால் பன்னிரண்டு நாள் ஒன்பதாகலாம். “சிங்கம் அங்க கம்மியாத்தான் தெரியுமாம்க்கா” என்றான். “பரவாயில்லடா, மனுசங்களப் பாத்துட்டு வா” என்றேன்.